நாலு படகும் ஒரு ‘எஸ்’ஸும்: வியட்நாம் கதை வழியா ஆங்கிலம்

“நாலு படகு வந்துச்சு.” இந்த வாக்கியத்தைத் தமிழ்ல யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. ‘நாலு’ன்னு சொன்ன பிறகு ‘படகுகள்’ எதுக்கு? எண்ணிக்கைதான் வந்தாச்சே. ஆனா “நாலு பையன் வந்தான்”னு சொல்ல மாட்டோம், “நாலு பசங்க வந்தாங்க”ன்னுதான் சொல்லுவோம். மனுஷங்களுக்குப் பன்மை கட்டாயம், படகுக்கும் மீனுக்கும் மாட்டுக்கும் விருப்பம் போல. தொல்காப்பியர் காலத்து உயர்திணை, அஃறிணைக் கணக்கு இன்னும் நம்ம நாக்குல உட்கார்ந்திருக்கு.

திருவொற்றியூர்ல ஒரு மொட்டை மாடியில, சனிக்கிழமை சாயங்காலம் எட்டாவதுலேர்ந்து பதினொண்ணாவது வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லித் தர்றேன். பகல்ல துறைமுகம் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல காகித வேலை. மாடியில சம்பளம் கிடையாது, சுண்டல் உண்டு. நான் திருத்துன நோட்டுகள்ல பார்த்தவரைக்கும், ‘பாய்ஸ்’ல ‘எஸ்’ விடாத பிள்ளை ‘போட்ஸ்’ல விட்டுடும். கவனக்குறைவுன்னு சிவப்பு மையில சுழிச்சுக்கிட்டே போகலாம். ஆனா அந்தப் பிள்ளை ஒரு இலக்கணத்தை ஒழுங்கா பின்பற்றுது. என்ன, அது தமிழ் இலக்கணம்.

இதை அவங்களுக்கே புரிய வைக்க எனக்குக் கிடைச்ச நல்ல கருவி ஒரு வியட்நாம் கதை. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

வியட்நாம்னா நம்ம ஊர்ல பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது சிவாஜியோட ‘வியட்நாம் வீடு’தான். 1970ல வந்த படம், அதுக்கு முன்னாடி நாடகம். அதுல வியட்நாமும் கிடையாது, வியட்நாம்காரங்களும் கிடையாது. எந்நேரமும் சண்டை நடக்குற வீடு, அதனால அந்தப் பேரு. ஒரு தேசத்தோட பேரே ‘சண்டை’ங்கிற அர்த்தத்துல நம்ம பேச்சுக்குள்ள வந்திருக்குன்னா, அந்த நாட்டுல பப்பாளி காய்க்கும், பொங்கல் மாதிரி ஒரு பண்டிகை உண்டுன்னு யாரும் நமக்குச் சொல்லலைன்னு அர்த்தம். இதை இங்க குறிச்சு வைக்கிறேன், பின்னாடி தேவைப்படும்.

நான் எடுத்த புத்தகம் தன்ஹா லாய் எழுதின ‘இன்சைட் அவுட் அண்ட் பேக் அகைன்’. 2011ல வந்தது. அந்த வருஷம் அமெரிக்காவோட தேசியப் புத்தக விருது, இளையோர் பிரிவுல இதுக்குக் கிடைச்சது. அடுத்த வருஷம் நியூபெரி ஆனர். ஆசிரியர் சைகோன்ல பிறந்து, 1975ல சைகோன் விழுந்தப்போ பத்து வயசுல குடும்பத்தோட கிளம்பி அலபாமா மாநிலத்துல போய் இறங்கினவங்க. கதையும் அதேதான். ஹாங்கிற பத்து வயசுப் பொண்ணு, அம்மா, மூணு அண்ணன்கள். அப்பா கடற்படையில இருந்து காணாமப் போனவர். வீட்டுக்குப் பின்னாடி ஹா விதை போட்டு வளர்த்த ஒரு பப்பாளி மரம். சைகோன், கடல்ல, அலபாமா, இனிமேல்னு நாலு பாகம். ஒரு தெத் பண்டிகையில தொடங்கி அடுத்த தெத்ல முடியும், அதாவது வியட்நாம் புத்தாண்டுலேர்ந்து புத்தாண்டு வரைக்கும் ஒரு வருஷக் கதை.

முழுக்க சின்னச் சின்ன வரிகள்ல, வசன கவிதை மாதிரி எழுதின நாவல். ஆங்கிலம் தடுமாறுற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்னு பாடம் எடுத்தவங்களுக்குத்தான் தெரியும். பக்கம் பூரா எழுத்து அடைச்சு வெச்ச ஒரு பாடத்தைக் கொடுத்தா, படிக்கிறதுக்கு முன்னாடியே தோள் தொங்கிடும். இதுல ஒரு வரிக்கு மூணு, நாலு சொல்லு, மீதி எல்லாம் வெள்ளை. ஒரு கவிதை ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோதான். ஒரு சாயங்காலத்துல நாலு கவிதை முடிச்சிடலாம், முடிச்சோம்ங்கிற திருப்தியும் கிடைக்கும்.

முதல் கவிதையிலயே எங்க மாடி விழுந்துடுச்சு. புத்தாண்டு காலையில வீட்டுத் தரையில முதல்ல ஆம்பளைக் கால்தான் படணும், அப்பதான் அதிர்ஷ்டம்னு ஹாவோட அம்மா நம்புறாங்க. அதனால அண்ணன்தான் முதல்ல எழுந்திருக்கணும். ஹா விடியறதுக்கு முன்னாடி சத்தமில்லாம கட்டை விரலைத் தரையில தட்டிட்டுப் படுத்துக்குறா. இதைப் படிச்சப்போ பொண்ணுங்க பக்கத்துல வந்த சிரிப்பைப் பார்த்திருக்கணும். “சார், எங்க வீட்லயும் இதே கதைதான் சார். நான் எதிர்ல வந்தா ராசி இல்லையாம், எங்க மாமா திரும்பி உள்ள போயிடுவாரு”ன்னு ஒரு பொண்ணு. அவ சொன்னது தமிழ்ல. அதை ஆங்கிலத்துல சொல்லுன்னேன். சொன்னா. ‘எஸ்’ எல்லாம் விட்டுப் போச்சு, ஆனா சொன்னா. அதுக்கு முந்தின மூணு மாசம் அவ என் வகுப்புல ‘யெஸ் சார்’, ‘நோ சார்’ தவிர ஒரு ஆங்கிலச் சொல் பேசினதில்லை.

ஏன் இப்படி நடக்குதுன்னு ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க. 1979ல மார்கரெட் ஸ்டெஃபன்சன், சித்ரா ஜோக்-தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் மூணு பேரும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினாங்க. ரெண்டு கடிதம். ஒண்ணு அமெரிக்கக் கல்யாணம் பத்தி, இன்னொண்ணு இந்தியக் கல்யாணம் பத்தி, ரெண்டும் ஆங்கிலத்துல. அமெரிக்கர்களும் இந்தியர்களும் ரெண்டையும் படிச்சாங்க. அவங்கவங்க ஊர்க் கல்யாணத்தை வேகமா படிச்சாங்க, அதிகமா ஞாபகம் வெச்சிருந்தாங்க. இதுவாவது எதிர்பார்த்ததுதான். சுவாரசியமானது அடுத்தவங்க கல்யாணத்துல செஞ்ச குளறுபடிதான். அமெரிக்கக் கடிதத்துல கல்யாணப் பொண்ணு பாட்டியோட கல்யாண உடையைப் போட்டுக்குவா. அங்க அது பெருமை. படிச்ச ஒரு இந்தியர் அதை, உடை நல்லாதான் இருந்துச்சு, ஆனா பழசு, நாகரிகம் போனதுங்கிற மாதிரி திருப்பிச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் புரியாமலா? ஒவ்வொரு சொல்லும் புரிஞ்சிருக்கும். கல்யாணம்தான் புரியலை.

நம்ம பசங்க கையில டாஃபடில் பூவும் பனிமனிதனும் கொடுத்துட்டு, ‘காம்ப்ரிஹென்ஷன்’ல மார்க் வரலைன்னு சொல்றப்போ இந்தக் கல்யாணக் கடிதம்தான் எனக்கு ஞாபகம் வரும். மொழியைச் சோதிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு நாம பனியைச் சோதிச்சுக்கிட்டு இருக்கோம்.

சரி, அப்படின்னா தமிழ்க் கதையையே ஆங்கிலத்துல கொடுக்கலாமே, எதுக்கு வியட்நாம் வரைக்கும் போகணும்? நியாயமான கேள்வி. அதுக்கும் வழி இருக்கு. பாமாவோட ‘கருக்கு’ 1992ல வந்தது, லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பு 2000ல. என்.சி.இ.ஆர்.டி.யோட பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடமான ‘விஸ்டாஸ்’ல பாமாவோட பகுதி ஒண்ணு இருக்கு. அதே பாடத்துல பக்கத்துலயே ஜிட்கலா-சாங்கிற அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணோட பகுதியும் இருக்கு. பள்ளிக்கூடத்துல கூந்தலை வெட்டினப்போ அவங்க பட்ட பாடு அது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்ச புண்ணியவான் யாரோ, நல்லா யோசிச்சிருக்காங்க.

ஆனா நான் பாமாவை முதல்ல எடுக்கலை. இது என் அபிப்பிராயம், நீங்க மாறுபடலாம். பாமா எழுதினதைப் படிக்கிறப்போ, எங்க மாடியில சில பேருக்கு அது சொந்த வீடு, சில பேருக்கு அடுத்த தெரு. யாரு எந்தத் தெருங்கிறது அந்த இடத்துல எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்தா தன்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிடும்னு ஒரு பிள்ளை நினைச்சா அது தப்பா? ஹா விஷயத்துல அந்தப் பயம் இல்லை. அங்க இருக்குற யாரும் ஹா இல்லை. அதனால எல்லாரும் ஹாவா ஆகலாம். ரூடின் சிம்ஸ் பிஷப் 1990ல ஒரு கட்டுரையில, பிள்ளைங்களுக்குப் புத்தகம் கண்ணாடியாவும் இருக்கணும், சன்னலாவும் இருக்கணும்னு எழுதினாங்க. பசங்களோட உட்கார்ந்து பார்த்தப்போ எனக்குத் தோணினது, சன்னல் கண்ணாடியில சாயங்கால வெளிச்சத்துல நம்ம முகமும் லேசா தெரியும், நேரா முகம் பார்க்குற கண்ணாடியை விட அதுல பார்க்க கூச்சம் குறைவு.

அதுலயும் வட சென்னைக்கும் இந்தக் கதைக்கும் நடுவுல ஒரு கப்பல் இருக்கு. 1962ல பர்மாவுல நே வின் ஆட்சியைப் பிடிச்சார், 1964ல கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆச்சு. தலைமுறை தலைமுறையா அங்க இருந்த தமிழர்கள் ரங்கூன்லேர்ந்து கப்பல் ஏறி மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கினாங்க. சேர்த்த காசும் நகையும் அங்கயே போச்சு. வியாசர்பாடி, எண்ணூர், சடையன்குப்பம் பக்கம் பர்மா காலனி, பர்மா நகர்னு இருக்குற பேரெல்லாம் அந்தக் கப்பல்லேர்ந்து இறங்கின பேர். பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ சாப்பிடுற பாதிப் பேருக்கு அது எந்த அகதி முகாம் வழியா தட்டுக்கு வந்துச்சுன்னு தெரியாது.

நாவல்ல ரெண்டாவது பாகம் முழுக்கக் கப்பல். சோறும் தண்ணியும் அளந்து கொடுக்குறாங்க. ஹாவோட மூணாவது அண்ணன் கோய் ஒரு கோழிக்குஞ்சை ஒளிச்சு வெச்சு எடுத்துட்டு வந்திருக்கான். அது செத்துப் போயிடுது, ஆனா அவன் கையிலேர்ந்து விடவே மாட்டேங்குறான். கடைசியில ஹா தன்னோட பொம்மையையும் அதோட சேர்த்துக் கட்டி, ரெண்டையும் கடல்ல விடுறாங்க. அந்தப் பக்கத்தை முடிச்சப்போ பின்னாடி உட்கார்ந்திருந்த பையன், வழக்கமா போனை நோண்டிக்கிட்டு இருக்குறவன், “சார், எங்க ஆயாவும் கப்பல்லதான் சார் வந்துச்சு. அது இன்னா எடுத்தாந்துச்சுன்னு கேட்டுட்டு வர்றேன்”னான். அடுத்த வாரம் வந்து சொன்னான். ஒரு இரும்புச் சட்டியாம். இன்னும் வீட்டுல இருக்காம், அதுலதான் பேஜோ சுடுவாங்களாம். அந்தச் சட்டியைப் பத்தி ஆங்கிலத்துல பத்து வரி எழுதணும்னு அவனா கேட்டான். நான் கேட்டிருந்தா மூணு வரிதான் வந்திருக்கும்.

இப்ப ‘எஸ்’ஸுக்கு வருவோம். அலபாமா பள்ளிக்கூடத்துல ஹாவுக்கு முதல் எதிரி இந்த ‘எஸ்’தான். பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி ஒரு ‘எஸ்’, வினைச்சொல்லுக்குப் பின்னாடி இன்னொரு ‘எஸ்’, ஏற்கனவே ‘எஸ்’ இருந்தாலும் இன்னொண்ணு, அதுக்கும் விதிவிலக்கு. டீச்சர் பேரே மிஸ் ஸ்காட், பாம்பு சீறுற மாதிரி அவளுக்குக் கேட்குது. இந்த மொழியைக் கண்டுபிடிச்சவங்க மேல அவளுக்கு அவ்வளவு கோபம். எங்க மாடியில இந்தக் கவிதைகளுக்குக் கிடைச்ச கைதட்டல் எந்தக் கவிதைக்கும் கிடைக்கலை. ஒரு புத்தகத்துல, அதுவும் அமெரிக்காவுல பரிசு வாங்கின ஆங்கிலப் புத்தகத்துல, ஆங்கிலத்தைத் திட்டலாம்னு அவங்க அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

திட்டி முடிச்ச பிறகு காரணம் தேடினோம். வியட்நாம் மொழியில சொல் உருவம் மாறவே மாறாது. ஒண்ணானாலும் பத்தானாலும் மீன் மீன்தான், நேத்துப் போனாலும் நாளைக்குப் போனாலும் ‘போ’ங்கிற சொல்லு அப்படியே நிக்கும், பக்கத்துல வேற சொல் போட்டுக் காலத்தைச் சொல்லுவாங்க. எண்ணுறப்போ நடுவுல ஒரு வகைச்சொல் வரும், உயிருள்ளதுக்கு ‘கோன்’, சாமானுக்கு ‘காய்’ங்கிற மாதிரி. நாம ‘நாலு பேரு’ன்னு நடுவுல ‘பேரு’ போடுறோமே, கிட்டத்தட்ட அது போல. தமிழ் வினைச்சொல் நேர் எதிர். போறேன், போறான், போறா, போறாங்கன்னு எல்லாத்துக்கும் வால். ஆங்கிலம் ரெண்டுக்கும் நடுவுல அரைகுறையா நிக்குது. எல்லாத்தையும் மொட்டையா விட்டுட்டு, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’டுக்கு மட்டும் ஒரு ‘எஸ்’. பசங்க கரும்பலகையில மூணு மொழியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்தப்போ, “இங்கிலீஷ்தான் சார் லூசு”ன்னு தீர்ப்பாச்சு. நான் மறுக்கலை. ஆனா அதுக்கப்புறம் ‘எஸ்’ விடுறது நிஜமாவே குறைஞ்சுது.

உச்சரிப்புலயும் நமக்கும் அவங்களுக்கும் ஒரே இடத்துல சிக்கல். வியட்நாம் சொல்லோட கடைசியில ‘ஸ்’ வராது. தமிழ்ல வல்லின மெய்யில சொல் முடியாது, அதனால ‘பஸ்’ நமக்கு ‘பஸ்ஸு’. ‘ஷிப்ஸ்’ங்கிறது ஒரு அசை, நாம சொன்னா ‘ஷிப்ஸு’, ரெண்டு அசை. வியட்நாம்காரர் கடைசி ஒலியை முழுங்கிடுவார், நாம உகரம் ஒட்டிடுவோம்.

இந்த இடத்துலதான் அவங்களோட பழைய இலக்கியம் உதவிக்கு வந்துச்சு. தன்ஹா லாய் ஆங்கிலத்துல எழுதுறவங்க, இது வியட்நாம் இலக்கியமா அமெரிக்க இலக்கியமான்னு ஒரு வழக்கு உண்டு. அதுக்குள்ள நான் போகலை. ஆனா வியட்நாம் மொழியிலேயே பிறந்த ஒண்ணையும் காட்டணும்னு நினைச்சேன். நுயென் ஸு எழுதின ‘கியூவின் கதை’ 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல வந்த காவியம், 3254 வரி. அப்பாவையும் தம்பியையும் வழக்குலேர்ந்து மீட்க ஒரு பொண்ணு தன்னையே வித்துக்குறா, அப்புறம் பதினைஞ்சு வருஷம் படாத பாடு படுறா. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிங்ககூட இதுல நூத்துக்கணக்கான வரியை மனப்பாடமா சொல்லுவாங்களாம். புத்தகத்தைக் கண்ணை மூடிக்கிட்டுத் திறந்து, விரல் பட்ட வரியை வெச்சுக் குறியும் பார்ப்பாங்க. “கிளி இல்லாத கிளி ஜோசியம்”னு எங்க பசங்க பேர் வெச்சுட்டாங்க. ஹுயின் சான் தோங் ஆங்கிலத்துல மொழிபெயர்த்த பதிப்பு நல்ல பேர் வாங்கினது. எங்க பசங்களுக்கு அது கடினம், அதனால கதையைத் தமிழ்ல சொல்லிட்டு, யாப்பை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அந்த யாப்புக்கு ‘லுக் பாட்’னு பேரு, ஆறு-எட்டுன்னு அர்த்தம். முதல் வரியில ஆறு அசை, அடுத்த வரியில எட்டு. ஆறு அசை வரியோட கடைசி அசை, எட்டு அசை வரியோட ஆறாவது அசையோட இயையும். எட்டாவது அசை அடுத்த ஆறு அசை வரியோட முடிவோட இயையும். சங்கிலி மாதிரி போய்க்கிட்டே இருக்கும். நம்ம எதுகை வரித் தொடக்கத்துல இரண்டாம் எழுத்துல உட்காரும், அவங்களுது வரி முடிவுலயும் நடுவுலயும் மாறி மாறி உட்காருது. ‘கா ஸாவ்’ங்கிற நாட்டுப்பாட்டுக்கும் பெரும்பாலும் இதே யாப்புதான். ஜான் பலபான்ங்கிற அமெரிக்கக் கவிஞர் 1971-72ல, போர் நடந்துக்கிட்டு இருந்தப்பவே, டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கிட்டு கிராமம் கிராமமா போய் இந்தப் பாட்டுகளைப் பதிவு செஞ்சார். காசிமேட்டுல வலை இழுக்குறப்போ பாடுற அம்பா பாட்டையும், நம்ம கானாவையும் யாராவது இப்படி விடாம பதிவு செஞ்சா தேவலை. சரி, அது வேற பதிவு.

பசங்களை ஆறு-எட்டுல ஆங்கிலத்துல எழுதச் சொன்னேன். இயைபு வரலைன்னா பரவாயில்லை, அசை எண்ணிக்கை சரியா இருக்கணும். கை தட்டி எண்ணணும். ‘பஸ்’ஸுக்கு ஒரு தட்டு போட்டா வரி சரியா வருது, ‘பஸ்ஸு’ன்னு ரெண்டு தட்டினா வரி உடையுது. உகரத்தை விடுன்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லலை, கையே சொல்லிடுச்சு. கானா பாடுற பசங்களுக்குத் தாளம் சொல்லித் தரணுமா என்ன? ஒருத்தன் டெஸ்க்குல தட்டிக்கிட்டே எட்டு வரி ஏத்திட்டான். பாட்டு முழுக்க அவன் வீட்டுப் பூனையைப் பத்தி.

முறைப்பெயர் விஷயம் இன்னும் சுவையானது. வியட்நாம்ல வீட்டுலயும் தெருவுலயும் ‘நான்’, ‘நீ’ன்னு பேசுறது குறைவு. அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பா, பெரியப்பா, தாத்தான்னு உறவுச் சொல்லுதான் அந்த வேலையைச் செய்யும். நாம “அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க”ன்னு தெரியாதவர்கிட்ட சொல்ற மாதிரிதான். ஆனா அவங்க ஒரு படி மேல. தன்னையும் உறவாலயே சொல்லிக்குவாங்க, “தம்பி அண்ணனைக் கேட்கிறேன்”ங்கிற மாதிரி. இதெல்லாம் ஆங்கிலத்துக்குள்ள வந்தா ஒரே ‘யூ’வா சுருங்கிடுது. நாவல்ல வர்ற ஒவ்வொரு ‘யூ’வையும் எடுத்து, இது நீயா, நீங்களா, அக்காவா, இன்னாம்மாவான்னு பசங்களை முடிவு பண்ணச் சொன்னேன். ஹா அம்மாகிட்ட பேசுறது எங்க பொண்ணுங்களுக்கு ‘நீ’, பசங்கள்ல ரெண்டு பேருக்கு ‘நீங்க’. பெரிய சண்டையே வந்துடுச்சு. சண்டை போட்டுக்கிட்டே அந்தக் கவிதையை ஆறு தடவை திரும்பப் படிச்சாங்க. ஆங்கில வகுப்புல தமிழ் பேசக்கூடாது, பேசினா அபராதம்னு சொல்ற பள்ளிக்கூடங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கருவி. எதுக்கு இந்தக் கருவின்னு இனிமேதான் சொல்லணும்.

ஹாவோட வகுப்புல ஒரு நாள் மிஸ் ஸ்காட் வியட்நாமைப் பத்திப் படம் காட்டுறாங்க. உடம்பு எரிஞ்சு ஓடுற சிறுமி, அலறுற கூட்டம், இப்படி. நல்லெண்ணத்துலதான் காட்டுறாங்க, புதுப் பொண்ணை மத்தவங்க புரிஞ்சுக்கணும்னு. ஹாவுக்குத் தோணுறது, பப்பாளியையும் தெத் பண்டிகையையும் காட்டியிருக்கலாமேன்னு.

இந்த இடத்துல மாடியில யாரும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு, “நம்ம ஏரியான்னா இன்னா காட்டுவாங்க சார்?”னு கேட்டா. பதில் அவளே சொல்லிட்டா. கத்தி. 2014ல ‘மெட்ராஸ்’, 2018ல ‘வட சென்னை’, 2021ல ‘சார்பட்டா பரம்பரை’ன்னு படங்கள்ல கொஞ்சம் மாறியிருக்குன்னு நான் சொல்லிப் பார்த்தேன். நியூஸ்ல? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினப்போ, எண்ணெயில ஊறின கூழைக்கடா படமும், கையால எண்ணெய் அள்ளின மீனவர் படமும் நாடு பூரா போச்சு. அதே மாசம் அமோனியா கசிஞ்சு ராத்திரியில ஜனங்க ஓடின படம். அதெல்லாம் பொய்யில்லை, காட்டவும் வேணும். ஆனா அது மட்டும்தான் படம்னா? ‘வியட்நாம் வீடு’ன்னு ஒரு பேர் வெச்ச கதை மாதிரி, ‘வட சென்னை’ன்னு சொன்னா சண்டைன்னு ஆகிப் போனதுல இந்தப் பசங்களுக்கு நிஜ நஷ்டம் இருக்கு. இன்டர்வியூவுல எங்கிருந்து வர்றேன்னு கேட்டா ‘பாரிஸ் பக்கம்’னு சொல்லுடான்னு அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்குறான். நான் கேட்டிருக்கேன்.

ஆகவே அந்த வாரம் வீட்டுப்பாடம், உங்க பப்பாளி எது? மிஸ் ஸ்காட் கையில கொடுக்குற மாதிரி ஒரு படம், அதைச் சொல்லுல எழுதணும். ஆங்கிலத்துல, பத்து வரி.

வந்தது பலவிதம். புனித பேதுரு கோயில் திருவிழா வெடி. ஒற்றியூர்த் தேர். நெத்திலி காயுற வாசனை (வெளியாளுக்கு நாத்தம், அவளுக்கு லீவு நாள்னு ஒரு பொண்ணு எழுதியிருந்தா). அந்த நெத்திலியை உப்புல மாசக்கணக்கா ஊற வெச்சு எடுக்குற சாறுதான் வியட்நாமோட ‘நுவோக் மாம்’, அதில்லாம அங்க சமையலே கிடையாதுன்னு சொன்னப்போ அவளுக்கு ஏதோ மெடல் வாங்கின மாதிரி. ஹாவோட ரெண்டாவது அண்ணன் புரூஸ் லீ பைத்தியம், அதைப் பார்த்துட்டு ஒரு பையன் தங்கச்சாலை பக்கம் தான் போற குத்துச்சண்டைப் பயிற்சியைப் பத்தி எழுதினான். மூக்கு உடைஞ்சதுதான் அதுல முக்கியப் பகுதி.

ஒருத்தன் கட்டுமரம் பத்தி எழுதினான், ஆங்கிலத்துல எப்படிச் சொல்றதுன்னு கேட்டான். அகராதியைப் பாருடான்னேன். ‘கேட்டமரான்’. அவன் முகம் மாறினதை நான் மறக்க மாட்டேன். “இது நம்ம வார்த்தை சார்!” ஆமா, ஆங்கிலம் நம்மகிட்ட வாங்கிக்கிட்டது. சுருட்டு ‘ஷெரூட்’ ஆன கதையும் அன்னைக்கே வந்துச்சு. ‘பொறம்போக்கு’ம் அப்படித்தான், வருவாய்த்துறை ஆங்கிலத்துல அது இன்னைக்கும் புழங்குற சொல்லு. பசங்களுக்கு அது வசவு. 2017ல டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, எண்ணூர்ல படமெடுத்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ அந்தச் சொல்லைத் திரும்ப எல்லாருக்கும் பொதுவான நிலமா மாத்த முயற்சி பண்ணுச்சு. அதே அகராதியில ‘பரையா’ங்கிற சொல்லும் இருக்கு, ஒதுக்கப்பட்டவன்னு அர்த்தம் போட்டு. ஒரு சாதிப் பேரைக் கடல் தாண்டிக் கொண்டு போய் வசவா வெச்சிருக்காங்க. அதை நான் காட்டலை, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பொண்ணே எடுத்துட்டு வந்து என் முன்னாடி வெச்சா. ஹாவோட பேரை வெச்சு வகுப்பே சிரிச்ச கவிதையை அவதான் அன்னைக்குச் சத்தமா படிச்சவ. அன்னைக்குப் பாடம் நடக்கலை, பேச்சுதான் நடந்துச்சு, பாதி தமிழ் பாதி ஆங்கிலம். அதுக்கப்புறம்தான் ‘கருக்கு’வை மாடிக்கு எடுத்துட்டுப் போனேன். இப்ப பேசுறாங்க.

இந்த முறையில குறையும் உண்டு. புத்தகம் ஒண்ணுதான், நகல் எடுக்குறது சரியில்லை, அதனால கவிதையைப் பலகையில எழுதித்தான் படிக்கிறோம், நேரம் தின்னுது. பரீட்சைக்கு நேரடியா உதவாதுன்னு சில அம்மாக்களுக்கு வருத்தம். மாசத்துல ஒரு சனிக்கிழமை முழுக்க பாடப்புத்தகத்துக்குன்னு ஒப்பந்தம் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். நியூயார்க் மாநிலக் கல்வித்துறை எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திட்டத்துல இந்த நாவலையே வெச்சு, அகதிகள் பத்தின கட்டுரைகளோட சேர்த்து ஒரு பெரிய அலகு செஞ்சிருக்காங்கன்னு அச்செடுத்துக் காட்டினதுல ரெண்டு அம்மாவுக்குச் சமாதானம்.

கடைசியா ஒரு சொல்லு. வியட்நாம் மொழியில ‘நுவோக்’னா தண்ணி. நாடுங்கிறதுக்கும் அதே சொல்லுதான். நாட்டை இழந்தேன்னு சொல்றதும் தண்ணியை இழந்தேன்னு சொல்றதும் அங்க ஒரே வாக்கியம். 1870கள்ல துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து, தெற்கேயிருந்து வடக்கே நகர்ற மணல் அங்கயே தேங்கி மெரினா அகலமாச்சு, ராயபுரத்துக்கு வடக்கே கடல் உள்ள வந்துச்சு. இன்னைக்குக் கருங்கல் கொட்டி வெச்சிருக்கிற கரையில, எங்க பசங்களோட தாத்தா காலத்துத் தெரு தண்ணிக்கு அடியில இருக்கு. இதைச் சொல்லிட்டு, தமிழ்ல இப்படி ஒரே சொல் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னுதான் நான் நினைச்சிருந்தேன். “குப்பம்”னான் இரும்புச் சட்டிப் பையன். ஏன்டான்னா, “தண்ணி இல்லாத குப்பம் எங்க சார் இருக்கு?”ன்னான். அதை ஆங்கிலத்துல எழுதிட்டு வான்னு சொல்லியிருக்கேன், சனிக்கிழமை பார்க்கணும்.